சூப்பர்ஹீரோ பிறந்த கதை: புதுசாக வந்தவற்றில் எது தேறும்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2024-லிருந்து அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகளான டிசியும் மார்வெலும் தங்கள் ஹீரோக்களை மறுபடி ஒன்றாம் இதழிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்களே, அதில் உருப்படியாக எது இருக்கிறது, பேட்மேனின் அப்பா அம்மா சாவதை இன்னும் எத்தனை தடவைதான் படிப்பது, படத்தில் பார்த்தே சலித்துவிட்டதே என்று.

ரெண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதைச் சொல்லிவிட்டால் எது தேறும் என்று நான் சொல்வதற்கான காரணமும் கூடவே வந்துவிடும்.

தம்பி, நம்ம குமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? வருஷா வருஷம் கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம். சுடலைமாடன் கோவிலென்றால் சுடலை பிறந்த கதைதான். பார்வதி பிள்ளைவரம் கேட்பாள், விளக்குச் சுடர் முந்தானையில் விழும், அது பிண்டமாகிப் பிள்ளையாகும், அந்தப் பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்னும், விஷயம் தெரிந்ததும் கயிலாயத்தில் வைத்திருக்க முடியாதென்று பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கிற கிழவியிலிருந்து ஐஸ் வாங்கித் தின்கிற பொடியன் வரைக்கும் இது தெரியும். போன வருஷமே கேட்டாச்சே என்று யாரும் எழுந்து போனதில்லை. புலவர் எந்த இடத்தை இழுக்கிறார், எதை ரெண்டே அடியில் தாண்டுகிறார், குடமும் உடுக்கையும் எங்கே வேகம் பிடிக்கிறது, எந்த அடியில் சாமியாடிக்கு அருள் வருகிறது, அதைத்தான் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஹீரோ எப்படி ஹீரோவானான் என்று சொல்கிற ஆரிஜின் இதழும் அப்படித்தான். கதை தெரிந்தவனுக்காகவே எழுதப்படுவது அது.

இன்னொன்றும் இருக்கிறது. வில்லில் பாடப்படும் சாமிகளைக் கவனித்தால் பெரும்பாலும் ரெண்டு வகை தெரியும். சுடலை மாதிரி தெய்வமாகவே பிறந்து மேலேயிருந்து வந்தவர்கள் ஒரு வகை. மனுஷராக வாழ்ந்து, அநியாயமாக வெட்டுப்பட்டோ ஏமாற்றப்பட்டோ செத்து, அப்புறம் சாமியானவர்கள் இன்னொரு வகை. இசக்கி என்று நாம் கும்பிடுகிற நீலியின் கதை ரெண்டாவது வகை, நகைக்கு ஆசைப்பட்டவன் கையால் செத்த பெண் பழி வாங்கத் திரும்பி வருகிற கதை. சூப்பர்ஹீரோக்களையும் இப்படியே பிரித்துவிடலாம். சூப்பர்மேனும் வொண்டர் வுமனும் மேலேயிருந்து வந்தவர்கள். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரு சாவிலிருந்து வந்தவர்கள். என்ன, அங்கே செத்தவர் சாமியாவதில்லை, பக்கத்தில் நின்றவன் முகமூடி போட்டுக்கொள்கிறான். ரெண்டு இடத்திலும் தீராத ஒரு கடன் இருக்கிறது. ஒரு ஆரிஜின் இதழை நான் எடைபோடுவது அந்தக் கடனை வைத்துத்தான், சக்தி எப்படி வந்தது என்பதை வைத்து இல்லை. யாருக்கு என்ன கடன்பட்டான், அது எனக்கு உறைத்ததா. உறைத்தால் நல்ல இதழ், இல்லையென்றால் வெறும் உடை மாற்றம்.

1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த ஸ்பைடர்மேனின் முதல் கதையை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அந்தக் கடன் சுள்ளென்று உறைக்கும். மொத்தமே 11 பக்கம். சிலந்தி கடிக்கிறது, பையன் சக்தியை வைத்துக் காசு பார்க்கக் கிளம்புகிறான், குஸ்தி, டிவி என்று போகிறான். கண்ணெதிரே ஓடுகிற திருடனைப் பிடிக்கச் சொல்லிப் போலீஸ்காரர் கத்துகிறார், இவன் எனக்கென்ன வந்தது என்று நிற்கிறான். சித்தப்பாவைச் சுட்டது அதே திருடன்தான் என்று தெரியும்போது 11 பக்கத்தில் ஒரு ஆயுள் முடிந்துவிடுகிறது. பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்கிற அந்த வசனம் இருக்கிறதே, அதை பென் சித்தப்பா சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், முதல் கதையில் அது யார் வாயிலும் இல்லை, கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாக வருகிறது. பேட்மேனின் கதை அதைவிடச் சிக்கனம். 1939 மே மாதம் அறிமுகமானவர், அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை நவம்பரில்தான் சொன்னார்கள், அதுவும் ரெண்டே பக்கத்தில். கீழே விழுந்து சிதறுகிற முத்துமாலை அதில் கிடையாது, அது 1986-ல் ஃபிராங்க் மில்லர் சேர்த்த கைவரிசை.

கெட்டுப்போனது எங்கே என்றால், 2000-ல் மார்வெல் அல்டிமேட் ஸ்பைடர்மேனைத் தொடங்கியபோது அந்த 11 பக்கக் கதையை ஏழு இதழுக்கு நீட்டினார்கள். நன்றாகவே இருந்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து எல்லாரும் நீட்ட ஆரம்பித்தார்கள். முதல் இதழ் முழுக்க ஒருத்தன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பான், கடைசிப் பக்கத்தில் கண்ணாடியில் முகமூடியைப் பார்ப்பான், 'தொடரும்'. உங்கள் சலிப்புக்குக் காரணம் இந்த இழுவைதான், அப்பா அம்மா சாவது இல்லை.

சரி, புதியவற்றுக்கு வருவோம்.

டிசியின் அப்சல்யூட் வரிசை 2024 அக்டோபரில் ஆரம்பித்தது. தனி உலகம், பழைய கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் வந்தது அப்சல்யூட் பேட்மேன், எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிரகோட்டா. இதில் புரூஸ் வெய்னுக்குப் பணமில்லை, மாளிகையில்லை, பட்லர் இல்லை. பழைய கதையில் பட்லராக இருந்த ஆல்பிரட் இருக்கிறார், ஆனால் உளவாளியாக, இவனை வேவு பார்க்க வந்தவராக. கதையையே அவர்தான் சொல்கிறார். புரூஸ் உழைக்கிற வர்க்கத்துப் பையன், சிவில் இன்ஜினியர். அப்பா தாமஸ் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து சுட, பிள்ளைகளைக் காப்பாற்றப்போய் அப்பா சாகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார்.

இதில் என்ன மாறியிருக்கிறது பாருங்கள். பழைய கதையில் அப்பாவும் அம்மாவும் பணக்காரர்கள், சினிமா பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழிப்பறியில் செத்தார்கள். பரிதாபம்தான், ஆனால் அந்தச் சாவு யாருக்காகவும் இல்லை. இங்கே ஒரு வாத்தியார் மற்றவர் பிள்ளைகளுக்காகச் செத்திருக்கிறார். பையனுக்கு வருவது பழிவெறி மட்டுமில்லை, அப்பா விட்டுப்போன வேலையும்தான். வீட்டில் ஒரு வாத்தியார் இருக்கிற குடும்பம் நம்ம மாவட்டத்தில் தெருவுக்கு நாலு இருக்கும், அவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். அம்மா உயிரோடு இருப்பது அடுத்த கெட்டிக்காரத்தனம். ராத்திரி அடிபட்டு வருகிறவன் காலையில் அம்மா முகத்தில் விழிக்க வேண்டுமே. பழைய பேட்மேனுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.

அப்புறம் வில்லன்கள். பெங்குவினாகவும் ரிட்லராகவும் டூ-ஃபேஸாகவும் ஆகப்போகிறவர்கள் எல்லாரும் இதில் புரூஸின் சின்ன வயதுக் கூட்டாளிகள், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவர்கள் சீட்டு விளையாடும்போதே நமக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் யார் என்னவாகப் போகிறார்கள் என்று நமக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வில்லுப்பாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருப்பவனின் நிலைமை இதுதான்.

டிரகோட்டாவின் பேட்மேன் ஆள் ஒரு லாரி மாதிரி. தோளே பக்கத்தின் பாதியை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சிலிருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடாலி, தலையிலிருக்கும் காதைப் பிடுங்கினால் கத்தி. கேட்கும்போது சின்னப்பிள்ளை பொம்மை மாதிரிதான் இருக்கிறது, பக்கத்தில் பார்க்கும்போது சிரிப்பு வராது. பணமில்லாதவன் உடம்பையே ஆயுதப்பெட்டியாக வைத்திருக்கிறான் என்று படம் சொல்லிவிடுகிறது. அப்பா செத்த நாளை ஸ்னைடர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்காமல் முதல் சில இதழ்களில் துண்டு துண்டாக விடுகிறார், நடுவில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். நீட்டல் வியாதிக்கு இது நல்ல மருந்து. குறை என்னவென்றால் ஸ்னைடருக்கு வாய் அதிகம். ஆல்பிரட் பேசிக்கொண்டே இருக்கிறார். படமே சொல்லிவிட்டதை எழுத்தில் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமா?

எனக்கு இந்த வரிசையில் முதலிடம் அப்சல்யூட் வொண்டர் வுமன்தான். எழுத்து கெல்லி தாம்ப்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன், வண்ணம் ஜோர்டி பெல்லேர். காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை, 2025-ல் சிறந்த புதிய தொடருக்காக இதற்குத்தான் கொடுத்தார்கள், அந்த விஷயத்தில் ஓட்டுப் போட்டவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

வொண்டர் வுமனுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. 1941-ல் வந்தவர், பேட்மேனை விட ரெண்டு வயதுதான் சின்னவர், ஆனால் அவர் பிறந்த கதை யாருக்கும் சரியாக ஒட்டியதில்லை. களிமண்ணில் செய்து தேவர்கள் உயிர் கொடுத்த பிள்ளை என்றார்கள், 2011-க்கு அப்புறம் கிரேக்கக் கடவுள் சீயஸின் மகள் என்றார்கள். எப்படிச் சொன்னாலும் சொர்க்கம் மாதிரியான தீவு, அரசி அம்மா, ஆயிரம் அக்காமார், குறை ஒன்றுமில்லாத குழந்தை. கடன் எங்கே இருக்கிறது அதில்? தாம்ப்சன் செய்தது, அந்தத் தீவையே பிடுங்கிவிட்டார். அந்தத் தீவின் வீரப்பெண்களான அமேசான்கள் தண்டிக்கப்பட்டுவிட்டார்கள், அந்தப் பெயரையே உச்சரிக்கக்கூடாது என்று தேவர்கள் தடை போட்டுவிட்டார்கள். கைக்குழந்தை டயானாவை, அதாவது பின்னால் வொண்டர் வுமன் ஆகப்போகிறவளை, அப்போலோ தேவன் நரகத்துக்குக் கொண்டுபோய், அங்கே சிறைவைக்கப்பட்டிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் போட்டுவிட்டுப் போகிறான். ஒப்படைத்து என்று எழுத மனசு வரவில்லை, போட்டுவிட்டுத்தான் போகிறான். சர்சிக்கு அந்தப் பிள்ளை வேண்டாம். அப்புறம் மெல்ல மெல்ல வேண்டியதாகிறது.

கயிலாயத்துப் பிள்ளை சுடுகாட்டில் கிடக்கிற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கமாகத் திருப்பியிருக்கிறார். சுடலையின் பசி பிறவியிலேயே உள்ளது, அதனால்தான் வெளியே அனுப்புகிறார்கள். டயானா நரகத்தில் வளர்ந்தும் அன்பாக இருக்கிறாள். சுற்றியிருப்பதெல்லாம் பேயும் பிசாசும், அவற்றோடு விளையாடி வளர்ந்த பிள்ளை, யாரையும் பார்த்து முகம் சுளிக்கத் தெரியாதவள். இன்றைய கதையில் அவள் எலும்புக்கூடாக இருக்கிற பறக்கும் குதிரையில் ஏறி, ஆளுயரத்துக்கும் மேலான வாளோடு நகரத்தில் வந்து இறங்குகிறாள். ஜனங்கள் பயந்து ஓடுகிறார்கள். பார்க்க அச்சு அசல் வில்லி, பேச்சு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா. அந்தப் பொருந்தாமைதான் மொத்தத் தொடரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஷெர்மனின் பக்க அமைப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கட்டங்கள் சதுரமாகவே இருப்பதில்லை, சுழல்கின்றன, சாய்கின்றன, ஒரு பெரிய உருவத்தின் மேலேயே சின்னக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வழக்கமாக இப்படிச் செய்தால் எதை அடுத்துப் படிப்பது என்று தலை சுற்றும், இங்கே கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகிறது. நரகம் முழுக்கச் சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பு பயமுறுத்தாமல், சர்சியும் பிள்ளையும் இருக்கிற இடத்தில் வீட்டு வெளிச்சம் மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் வருகிற இதழ்களில், நரகத்தில் மாட்டிக்கொண்ட ஸ்டீவ் டிரெவரை மேலே அனுப்ப ஒரு கையையே விலையாகக் கொடுக்கிறாள். கடன் என்றேனே, இதுதான். செத்தவருக்குப் பட்ட கடனில்லை, உயிரோடு இருக்கிற முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தானாக ஏற்றுக்கொண்டது.

கை என்றதும் நம்ம பழைய ஆட்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே அவர்தான். ஆய்வுக்கூட விபத்தில் கை போய், இரும்புக்கை மாட்டி, மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு மறைந்துவிடும். 1962-ல் இங்கிலாந்தில் வந்த அதன் ஆரம்பக் கதையில் அந்த மனுஷன் நல்லவரே இல்லை, சக்தி கிடைத்ததும் புத்தி கெட்டு ஊரை மிரட்டியவர். பிற்பாடுதான் உளவுத்துறை, நாட்டைக் காப்பது எல்லாம். நம்ம லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள்) அதே ஜாதி, குற்ற உலகச் சக்கரவர்த்தியாக வேண்டுமென்று கிளம்பியவர். அந்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பகுதியை எழுதியது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய அமெரிக்க ஆரிஜின்களில் நான் தேடிக் கிடைக்காத ஒன்று இந்தக் கெட்ட ஆரம்பம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாம் பக்கத்திலேயே நல்ல பிள்ளைகள்.

(மாயாவி என்றதும் விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மலையாளச் சிறுவர் பத்திரிகையான பாலரமாவின் குட்டி மாயாவிதான் ஞாபகம் வரும், பாட்டிலில் அடைபட்டுக் கிடந்து ராஜுவும் ராதாவும் திறந்துவிட்டதால் காலமெல்லாம் அவர்களுக்கு உதவுகிறவன். அதுவும் கடன்தான், யோசித்துப் பாருங்கள்.)

அப்சல்யூட் சூப்பர்மேன் 2024 நவம்பரில் வந்தது. ஜேசன் ஆரன் எழுத்து, ரஃபா சாண்டோவல் ஓவியம். அவன் பிறந்த கிரகமான கிரிப்டானில் அப்பா ஜோர்-எல் பெரிய விஞ்ஞானியாக இல்லை, உழைக்கிற வகுப்பைச் சேர்ந்தவர். கிரகம் அழிவது தோண்டித் தோண்டித் தின்றதால். பையன் கைக்குழந்தையாக ராக்கெட்டில் வரவில்லை, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, விவரம் தெரிந்த வயதில் வந்து சேர்கிறான். பூமியில் அவன் முதலில் நிற்பது சுரங்கத் தொழிலாளிகள் பக்கம், எதிரே லாசரஸ் என்ற ராட்சத கம்பெனி. விடிகாலையில் குவாரி லாரி வரிசையாகப் போகிற சத்தத்தில் விழிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சூப்பர்மேனை அரசியலாக்கிவிட்டார்கள் என்று சிலர் குறைபட்டார்கள். 1938-ன் முதல் இதழை அவர்கள் புரட்டிப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. அதில் கிரகத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, வயதாகி அழிந்தது என்று ஒரு வரி, குழந்தையை வழியில் போகிற கார்க்காரர் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் விடுகிறார், பிறந்த கதை ஒரே பக்கத்தில் முடிந்தது. அந்தச் சூப்பர்மேன் மூன்றாவது இதழிலேயே தொழிலாளி வேஷத்தில் சுரங்கத்துக்குள் போய், பாதுகாப்பில்லாமல் ஆட்களை இறக்குகிற முதலாளியை அதே குழியில் மாட்டவைத்துப் பாடம் கற்பித்தார். ஆரன் புதிதாக எதையும் திணிக்கவில்லை, பழைய பாக்கியை எடுத்திருக்கிறார். என்னுடைய தயக்கம் வேறு. கிரிப்டான் பகுதி அவ்வளவு நன்றாக இருப்பதால் பூமிப் பகுதி சோகையாகத் தெரிகிறது. கிராமத்து அப்பா அம்மாவான கென்ட் தம்பதி கதைக்குத் தாமதமாகத்தான் வருகிறார்கள், அது வரைக்கும் இவனுக்கு பூமி மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மார்வெல் பக்கம் 2024 ஜனவரியில் அதே பழைய பெயரில் புதிதாக வந்த அல்டிமேட் ஸ்பைடர்மேன். ஜொனாதன் ஹிக்மன், மார்கோ செக்கெட்டோ. இந்த உலகில் சின்ன வயதில் கடிக்கவேண்டிய சிலந்தியை ஒரு வில்லன் தடுத்துவிட்டான். பீட்டர் பார்க்கருக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, தாடி, மனைவி மேரி ஜேன், ரெண்டு பிள்ளைகள், பத்திரிகை ஆபீஸ் வேலை. பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார், செத்தது மே சித்தி. முதல் இதழில் சண்டையே கிடையாது. குடும்பம், சாப்பாடு, ஆபீஸில் முதலாளி மாறியதால் பென்னும் பத்திரிகையாசிரியர் ஜேம்சனும் வேலையை விடுவது, இதுதான் கதை. கடைசியில், மற்ற கதைகளில் அயர்ன்மேனாக வருகிற டோனி ஸ்டார்க் அனுப்பிய செய்தி வருகிறது, உனக்கு வரவேண்டியது உன்னிடமிருந்து பறிக்கப்பட்டது, வேண்டுமானால் இதோ சிலந்தி என்று. கையை நீட்டிக் கடிவாங்கிக்கொள்கிறான்.

நான் மேலே சொன்ன அளவுகோலை வைத்தால் இது தோற்க வேண்டிய இதழ். தவறு செய்யவில்லை, கடனும் இல்லை. ஆனாலும் ஜெயிக்கிறது, எப்படியென்றால் கடனைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். பதினைந்து வயதுப் பையனுக்கு இழக்க என்ன இருந்தது? இவனுக்கு வீட்டில் தூங்குகிற ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி ஏதாவது நடந்தால் அது இவன் தெரிந்தே வாங்கிய கடன். கல்யாணமாகி, பிள்ளை படிப்புக்கும் வீட்டு லோனுக்கும் நடுவில் 'நான் வேறு ஏதோ ஆகியிருக்க வேண்டியவன்' என்று ராத்திரி விழித்துக் கிடப்பவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டிய இதழ். உங்கள் வயதுக்கு இது அவ்வளவாக ஒட்டாமல் போகலாம், பத்து வருஷம் கழித்து ஒட்டும்.

யாரும் அதிகம் பேசாமல் திடீரென்று எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர், 2025 மார்ச். டெனிஸ் கேம்ப் எழுத்து, ஹாவியர் ரோட்ரிகெஸ் ஓவியம். குண்டுவெடிப்பில் தப்பிய எஃப்பிஐ ஆள் ஒருவனின் மண்டைக்குள் அந்நிய மனம் ஒன்று குடியேறிவிடுகிறது, மற்றவர் நினைப்பதெல்லாம் அவனுக்கு வண்ணப் புகையாகத் தெரிகிறது. சூப்பர்ஹீரோ கதையா, மனநோய்க் கதையா என்று கடைசி வரைக்கும் சந்தேகம் வைத்தே ஓட்டுகிறார்கள். சாமி வந்தவன் அருள் இறங்கிய பிறகு வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன பேசுவான் என்று யோசித்திருக்கிறீர்களா? இது கிட்டத்தட்ட அந்தக் கதை. வண்ணத்தை அலங்காரமாக இல்லாமல் கதையாகவே பயன்படுத்தியதில் சமீபத்தில் இதற்கு நிகர் நான் பார்க்கவில்லை.

அப்சல்யூட் ஃபிளாஷ் பரவாயில்லை ரகம், பட்டாளத்துக்காரர் மகனான பதினைந்து வயது வாலி வெஸ்ட் ஓடுகிறான், கதைதான் ஓட நேரம் எடுத்துக்கொள்கிறது. கிரீன் லான்டர்ன் முன்னும் பின்னுமாகக் கலைத்துப்போட்ட கதை, எழுதிய ஆல் யூயிங் மேல் மரியாதை இருக்கிறது, முதல் இதழ் மேல் இல்லை. பீச் மொமோகோவின் அல்டிமேட் எக்ஸ்-மென் ஜப்பானியப் பள்ளிக்கூடப் பேய்க்கதை மாதிரி போகிறது, வாட்டர்கலர் படத்துக்காகவே புரட்டலாம்.

வாங்குவதைப் பொறுத்தவரை, தனி இதழாகத் தேடி அலையாதீர்கள், தொகுப்பாக வந்துவிட்டது, ஆன்லைனில் கிடைக்கிறது. ஆறேழு இதழ் சேர்ந்தால்தான் இந்தக் கதைகளுக்கு ஒரு வடிவம் தெரிகிறது, பேட்மேனுக்கு முக்கியமாக. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் வொண்டர் வுமன். ரெண்டென்றால் கூடவே மார்ஷியன் மேன்ஹன்டர். பேட்மேனை ஹாஸ்டலில் யாராவது எப்படியும் வாங்கியிருப்பார்கள், இரவல் வாங்கிக்கொள்ளலாம். கிரீன் லான்டர்னை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள், நாலாவது பக்கத்திலேயே யார் எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று குழம்பி மொத்த வரிசையையும் மூடிவைத்துவிடுவீர்கள்.